மோரும் ஜலதோஷமும்



என் ஆசிரிய வாழ்வில் நான் இட்ட கட்டளைகள் பல. அவற்றுள் சில நல்லவை, சில பயனற்றவை, ஒன்றிரண்டு இன்று எண்ணினால் வெட்கம் தருபவை. அத்தகைய கட்டளை ஒன்றிலிருந்தே இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் மாணவர் விடுதியும் சேர்ந்திருந்தது. ஓராண்டு ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடியும்வரை விடவில்லை. விடுதியில் இருந்த பிள்ளைகள் அறுபது பேர். அவர்களுள் நாற்பது பேருக்கு மூக்கு ஒழுகியது. இரவில் அப்பக்கம் நடந்தால் இருமல் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குத் தாவிச் செல்வது போலக் கேட்கும். நான் சமையற்காரரை அழைத்து, "மழை நிற்கும்வரை பிள்ளைகளுக்கு மோர் ஊற்ற வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். மோர் குளிர்ச்சி, குளிர்ச்சி சளியைக் கொண்டுவரும். என் தாயார் எனக்குச் சொன்னது இது. அவருக்கு அவருடைய தாயார் சொன்னது. அறிவியல் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்ற நான், அதனை ஒருமுறையேனும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எண்ணியதில்லை.

பத்து நாள் சென்றபின், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். எருமை கட்டி மோர் விற்கும் குடும்பத்துப் பிள்ளை. "சார், மோரை நிறுத்தியும் சளி நிக்கலையே சார். எங்க வீட்டுல மழையிலயும் மோர்தான் குடிப்போம்" என்றான். "பெரியவர்கள் ஒன்று செய்தால் அதற்குக் காரணம் இருக்கும், போய்ப் படி" என்று அவனை அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது நல்ல வினா. நான் கொடுத்தது விடையன்று.

அவ்வினாவுக்கு உரிய விடையை நான் தேடிப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். தேடியபோது ஒரு வியப்பும் காத்திருந்தது. மோர் சளியை உண்டாக்குமா என்று பார்க்கப் போன எனக்கு, மோரில் வாழ்பவை போன்ற நுண்ணுயிர்கள் சளியைத் தடுக்கக் கூடுமா என்று பல நாட்டு அறிஞர் ஆராய்ந்து வருவது தெரியவந்தது.

முதலில் ஜலதோஷம் என்பது யாது? தென்பாண்டிச் சீமையில் இதனைத் தடுமன் என்பர். வேறு சில இடங்களில் நீர்க்கோவை என்பர். ஜலதோஷம் என்ற பெயரிலேயே ஜலம் குற்றவாளியாக நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆங்கிலேயரும் இதில் நமக்கு இளைத்தவரல்லர். அவர்கள் மொழியில் இந்நோயின் பெயருக்கே குளிர் என்பதுதான் பொருள். பெயர் வைத்தவர்கள் நோயைக் கண்டார்களே அன்றி, நோயைத் தருவதைக் காணவில்லை. அதனைக் காண அன்று கருவி இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இங்கிலாந்தின் ஸாலிஸ்பரி நகருக்கு அருகே, ஹார்வர்டு பல்கலைக்கழகமும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் ஒரு மருத்துவமனையைக் கட்டிக் கொடுத்தன. போர் முடிந்தபின், 1946-இல், அந்தக் கட்டடங்கள் ஜலதோஷ ஆராய்ச்சி நிலையமாயின. தாமாக முன்வந்தோர் அங்கே பத்து நாள் தங்கலாம்; உணவும் உறைவிடமும் இலவசம்; கைம்மாறாக மூக்கில் சில துளிகளை விட்டுக்கொள்ள இசைய வேண்டும். விடுமுறையைக் கழிப்பது போல வந்தவர்களும் உண்டு. அவர்களுள் சிலரை வெந்நீரில் குளிக்கச் செய்து, ஈரம் துவட்டாமல் காற்று வீசும் நடைக்கூடத்தில் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு ஈரக் காலுறைகளோடு இருக்கும்படி செய்து பார்த்தார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் கண்டிருந்தால் பதறியிருப்பார்கள். ஆயினும் குளிர் மட்டும் பட்டவர்களுக்கு ஜலதோஷம் வரவில்லை.

பின் எதனால் வருகிறது? வைரஸ்களால் வருகிறது. அவற்றுள் முதன்மையானது ரைனோவைரஸ். 'ரைனோ' என்றால் கிரேக்க மொழியில் மூக்கு. 1956-இல் முதன்முதல் பிரித்தறியப்பட்ட இதில் இன்று 160-க்கு மேற்பட்ட வகைகளை அறிந்திருக்கிறோம். ஒரு வகையை உடல் வென்று அதன் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டாலும், அடுத்த மாதம் வேறொரு வகை வேறொரு முகத்தோடு வந்து நிற்கிறது. ஜலதோஷத்துக்கு இன்றளவும் தடுப்பூசி இல்லாமைக்கு இஃதொரு பெருங்காரணம். குளிருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்த வைரஸ் உடலின் உள்வெப்பமாகிய 37 டிகிரியைவிட மூக்கினுள் நிலவும் 33 டிகிரியில் நன்கு பெருகுகிறது. அந்தக் குளிர்ந்த நிலையில் உயிரணுக்களின் எதிர்ப்பும் சற்றுத் தளர்கிறது என்பதை, எலியின் மூச்சுவழி அணுக்களைக் கொண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2015-இல் காட்டினர். ஆயினும் வைரஸ் வந்து சேராத மூக்கில் குளிர் மட்டும் ஒன்றும் செய்வதில்லை.

மோரின் மீதுள்ள குற்றச்சாட்டுக்கு வருவோம். 1990-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 60 பேருக்கு ரைனோவைரஸைக் கொடுத்து, அவர்கள் நாள்தோறும் எவ்வளவு பால் அருந்துகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அவர்கள் மூக்கிலிருந்து வந்த சளியை எடைபோட்டார்கள். ஆம், எடைபோட்டார்கள், மூக்கைத் துடைத்த தாள்களைச் சேர்த்து நிறுத்தார்கள். அறிவியல் சில சமயம் இத்தகைய பணிகளையும் கேட்கிறது. பால் மிகுதியாக அருந்தியவர்க்குச் சளி மிகவில்லை. அதனினும் சுவையானது ஒன்று. பால் சளியை வளர்க்கும் என்று முன்பே நம்பியிருந்தவர்கள், தமக்குத் தொல்லை அதிகம் என்று கூறினார்கள். தராசோ அவர்களுக்கும் மற்றவர்க்கும் வேறுபாடு காட்டவில்லை. இது பாலைப் பற்றிய ஆய்வு, மோரைப் பற்றியதன்று என்று நீங்கள் இடைமறிக்கலாம், அது நியாயமே. ஆயினும், வைரஸ் இன்றி மோர் மட்டும் ஜலதோஷத்தைத் தருவதற்கு வழியில்லை என்பது மேலே சொன்னவற்றால் விளங்கும். என் கட்டளை அங்கேயே விழுந்துவிட்டது.

இனி இரண்டாம் வினா: நுண்ணுயிர்கள் நம்மைக் காக்கக் கூடுமா? இதன் வரலாறு ஒரே மனிதரிடம் இரு முனைகளிலும் தொடங்குவது விந்தை. அவர் பெயர் மெச்னிக்காவ். 1845-இல் அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைன் நாட்டைச் சேர்ந்த கார்க்கிவ் பகுதியில் பிறந்தவர். 1882-இல் அவர் இத்தாலியின் மெஸீனா நகரில் கடலோரத்தில் தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட, அவர் தனியே நுண்பெருக்கியின் முன் அமர்ந்து, கண்ணாடி போன்று உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளை நோக்கிக்கொண்டிருந்தார். அவற்றின் உடலினுள் சில அணுக்கள் ஊர்ந்து திரிவதைக் கண்டார். இவை ஏன் திரிகின்றன? பகைப்பொருள் ஒன்று நுழைந்தால் அதனைச் சூழ்ந்து தாக்குமோ என்ற எண்ணம் மின்னலெனத் தோன்றியது. தோட்டத்திற்கு ஓடி, சில முட்களைக் கொண்டுவந்து அக்குஞ்சுகளின் உடலில் செருகிவிட்டு, இரவெல்லாம் உறக்கமின்றிக் கழித்தார். விடிந்து பார்த்தால், ஊர்ந்து திரிந்த அணுக்கள் முள்ளைச் சுற்றி வளைத்து நின்றன! நம் குருதியில் உள்ள வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமிகளை விழுங்கிக் காக்கின்றன என்ற உண்மை இவ்விதம் புலப்பட்டது. அதற்காக 1908-இல் அவருக்கும், ஜெர்மனி நாட்டுப் பால் எர்லிக்குக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அதே மெச்னிக்காவ், பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய முதிய பருவத்தில், புளித்த பாலின் பக்கம் திரும்பினார். பல்கேரிய நாட்டுக் குடியானவர் நெடுங்காலம் வாழ்கிறார்கள் என்றும், அவர்கள் நாள்தோறும் உண்ணும் புளித்த பாலே அதற்குக் காரணம் என்றும் அவர் கருதினார். 1905-இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய இளைஞர் அத்தயிரில் உள்ள பாக்டீரியாவைக் கண்டறிந்திருந்தார். அந்தப் பாக்டீரியா குடலில் குடியேறி, அங்கே அழுகலை விளைக்கும் கிருமிகளை விரட்டுகிறது என்பது மெச்னிக்காவின் கொள்கை. தாமும் நாள் தவறாமல் புளித்த பால் அருந்தினார். 1916-இல் தம் 71-ஆம் வயதில் காலமானார், நூறாண்டு வாழவில்லை. அந்தப் பல்கேரியப் பாக்டீரியா மனிதர் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது. அவர் கூறிய காரணம் தவறு. அவர் கை காட்டிய திசை வீண்போகவில்லை. அறிவியலில் இது அடிக்கடி நிகழ்வது. மாணவர்கள் விடைத்தாளில் வழி தவறி விடை சரியாக வந்தால் நாங்கள் மதிப்பெண் குறைப்போம், காலம் அவ்வளவு கண்டிப்பானதன்று.

உடலுக்கு நன்மை செய்யும் அளவில் உயிரோடு உட்கொள்ளப்படும் நுண்ணுயிர்களுக்கு இன்று புரோபயாடிக் என்று பெயர். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமும் உலக நலவாழ்வு நிறுவனமும் கூட்டிய அறிஞர் குழு 2001-இல் இவ்விலக்கணத்தை வகுத்தது. உயிரோடிருத்தல், போதிய அளவு, மெய்ப்பிக்கப்பட்ட நன்மை ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அப்பெயருக்கு உரிமையில்லை.

குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் மூக்கில் நேரும் போருக்கும் என்ன தொடர்பு? இங்கேதான் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் தொகை ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்று 2016-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். இது நம் சொந்த அணுக்களின் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. இத்தனை அயலாரையும் நம் உடலினின்றும் பிரித்து நிற்பது, ஓரணு கனமே உள்ள மெல்லிய உட்சுவர். ஆகவேதான் நம் காவற்படையின் மிகப் பெரிய பகுதி அச்சுவரை அடுத்துப் பாசறை அமைத்திருக்கிறது. 1677-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் பேயர் சிறுகுடற் சுவரில் சிறுசிறு திட்டுக்களைக் கண்டு எழுதினார். அவை அப்பாசறைகளுட் சில என்பது நெடுங்காலம் கழித்தே விளங்கிற்று.

அத்திட்டுக்களின் மேலுள்ள தனிவகை அணுக்கள், குடலில் செல்லும் நுண்ணுயிர்களில் சிலவற்றை மாதிரிக்கு உள்ளே எடுத்துக்கொள்கின்றன. உள்ளே காத்திருக்கும் வெள்ளணுக்கள் அவற்றைப் பார்த்து, யார் பகைவர், யார் வெறும் வழிப்போக்கர் என்று கற்றுக்கொள்கின்றன. கற்றவை குருதியில் கலந்து புறப்படுகின்றன. அவற்றுள் பல குடலுக்கே திரும்பினாலும், சில மூச்சுவழியின் ஈரச் சவ்வுகளிலும் சென்று தங்குகின்றன. எனக்குப் பள்ளிக்கூட உவமைதான் வாய்க்கு வருகிறது, பொறுத்தருள்க. ஓர் ஊர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்றவர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் பணிக்குச் செல்வதில்லையா? குடல் நம் காவலர்களின் பயிற்சிப் பள்ளி.

பாடம் சொல்லும் நுண்ணுயிர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கிருமியே அணுகாதபடி வளர்க்கப்பட்ட விலங்குகளில் அக்குடல் திட்டுக்கள் வளர்ச்சி குன்றிக் கிடக்கின்றன. 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தார், எலிகளுக்கு ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்து அவற்றின் பாக்டீரியாக்களைக் குறைத்துவிட்டு, இன்ஃபுளுவென்ஸா வைரஸை மூக்கின் வழியே செலுத்தினார்கள். நுரையீரலில் அவ்வெலிகளின் எதிர்ப்பு தளர்ந்திருந்தது. மருந்து வைரஸுக்கு உதவியாக ஒன்றும் செய்யவில்லை; காவலரின் ஆசான்களை அகற்றிவிட்டது, அவ்வளவே.

தயிர்ப் பாக்டீரியா குடலில் தங்குவதில்லை என்றீர்களே, தங்காதது எப்படிப் பாடம் சொல்லும் என்று கேட்பீர்கள். பள்ளி ஆய்வாளர் வருகையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பள்ளியில் குடியிருப்பவரல்லர். ஆயினும் அவர் வருகிறார் என்றதும் சுண்ணாம்பு அடிக்கப்படுகிறது. வருகைப் பதிவேடு ஒழுங்காகிறது. தூங்கும் ஆசிரியரும் நிமிர்கிறார். வழிப்போக்கராய்க் குடலைக் கடந்து செல்லும் நுண்ணுயிர்களும் காவலணுக்களைத் தொட்டு எழுப்பிச் செல்கின்றன என்பதே அறிஞர் கருத்து. வாரத்திற்கு ஒருமுறை ஆய்வாளர் வந்தால் பள்ளி விழிப்பாக இருக்கும். வருகை நின்றால் பழைய நிலைதான். புரோபயாடிக் உண்பதை நிறுத்தினாலும் அவ்வாறே.

இங்கு ஒரு சொல்லைப் பற்றி என் மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்று பல பண்டங்களின் மேல் அச்சிடுகிறார்கள். ஜலதோஷத்தில் மூக்கடைப்பும் ஒழுகலும் எதனால் வருகின்றன? ரைனோவைரஸ் மூக்கின் அணுக்களைப் பெரிதாக அழிப்பதில்லை. தாக்குண்ட அணு அபாய அறிவிப்பு விடுகிறது. 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்ட பொருள் அத்தகைய அறிவிப்புகளுள் ஒன்று. அதனைக் கேட்டு இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, வெள்ளணுக்கள் திரள்கின்றன. நாம் படும் தொல்லையில் பெரும்பங்கு நம் படையின் ஆரவாரமே. அப்படியிருக்க, அந்த ஆரவாரத்தைப் பெருக்குவது நமக்கு நன்மையாகுமா? வேண்டுவது பெருக்கமன்று, ஒழுங்கு. உரிய நேரத்தில் எழுந்து, உரிய அளவு போரிட்டு, உரிய நேரத்தில் அடங்கும் படையே நல்ல படை. நல்ல நுண்ணுயிர்கள் அவ்வொழுங்குக்கே உதவுகின்றன என்று எண்ண இடமிருக்கிறது.

எலிகளையும் உவமைகளையும் கொண்டு மனிதரைப் பற்றி முடிவு செய்யலாகாது. மனிதரிடம் சோதித்தார்களா? சோதித்தார்கள். ஆனால் ஜலதோஷத்தில் சோதனை செய்வது எளிதன்று. மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று வேடிக்கையாகச் சொல்வார்களே, அந்த வேடிக்கையில்தான் சிக்கலும் இருக்கிறது. தானாகப் போகும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும், கொடுத்ததே போக்கியது போலத் தோன்றும். மிளகுப் பாலுக்கும் அந்தப் புகழ் உண்டு. மந்திரித்த கயிற்றுக்கும் உண்டு. ஆகவே கொடுத்தவரையும் கொடாதவரையும் ஒப்பிட வேண்டும். கொடுத்தது யாருக்கு என்பது கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் தெரியாமலும் இருக்க வேண்டும்.

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கியில் நடந்த சோதனையை 2001-இல் வெளியிட்டார்கள். குழந்தைகள் பகல்பொழுதில் தங்கும் 18 காப்பகங்கள். ஒன்று முதல் ஆறு வயது வரையுள்ள 571 குழந்தைகள். குளிர்கால மாதங்களை உள்ளடக்கிய ஏழு மாத காலம். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வெறும் பால். மறு பாதிக்கு லாக்டோபாசிலஸ் ஜி.ஜி. என்னும் பாக்டீரியா கலந்த பால். கோர்பாக், கோல்டின் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் நலமுள்ள மனிதர் குடலிலிருந்து பிரித்தெடுத்த வகை அது. அவ்விருவர் பெயரின் முதலெழுத்துக்களே அந்த ஜி.ஜி. எந்தப் பால் எக்குழந்தைக்கு என்பது பெற்றோருக்கும் தெரியாது, காப்பகத்தாருக்கும் தெரியாது.

முடிவு வந்தது. நோயினால் காப்பகத்துக்கு வாராத நாட்கள், வெறும் பால் அருந்திய குழந்தைகளுக்குச் சராசரி 5.8, பாக்டீரியாப் பால் அருந்தியவர்க்கு 4.9. ஏறத்தாழ ஒரு நாள் குறைவு. மகிழ்ச்சியோடு புத்தகத்தை மூடிவிடலாம் போலிருக்கிறது அல்லவா? ஆய்வாளர் மூடவில்லை. இளங்குழந்தைகளுக்கு நோய் அடிக்கடி வரும். வளர வளரக் குறையும். இரு பிரிவுகளும் வயதில் முற்றிலும் சமமாக அமைந்திருக்கவில்லை. வயதின் பங்கைக் கழித்துக் கணக்கிட்டபோது 5.7-க்கு 5.1 என்றாயிற்று. அவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடும். தமக்குச் சாதகமாக வந்த எண்ணைத் தாமே குறைத்து, குறைத்ததையும் அச்சிட்டுக் காட்டிய அவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். கல்லூரி மாணவர்கள், கண்டுபிடிப்பின் பெருமையைவிட இந்த நேர்மையைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஒரு சோதனை போதாதென்றால் பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே வழி. காக்ரேன் என்ற அறிஞர் கூட்டமைப்பு 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் இத்தகைய 24 சோதனைகள் இடம்பெற்றன. அவற்றில் பங்குகொண்டோர் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. புரோபயாடிக் பெற்றவர்களுள், ஒரு முறையேனும் மேல்மூச்சுவழி நோய் கண்டவர் தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நோய் நீடித்த காலமும் ஏறத்தாழ ஒரு நாள் சுருங்கியிருந்தது. எனினும் இச்சான்றின் உறுதி குறைவானது அல்லது நடுத்தரமானது என்று தொகுத்தவர்களே எழுதிவைத்தார்கள். சோதனைதோறும் பாக்டீரியா வகை வேறு, அளவு வேறு, மக்களின் வயது வேறு. நெல்லில் குறுவைக்கும் சம்பாவுக்கும் எத்தனை வேறுபாடு! ஒரு வகை பாக்டீரியா செய்ததை மற்றொரு வகையும் செய்யும் என்பதற்கு உறுதி இல்லை.

2017-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. முன்வந்தோர் சிலருக்குப் பிஃபிடோபாக்டீரியம் வகை ஒன்றைச் சில வாரங்கள் கொடுத்தபின், ரைனோவைரஸை மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். அவர்கள் மூக்கிலிருந்து வெளிப்பட்ட வைரஸின் அளவு குறைந்தது. ஆனால் அவர்கள் பட்ட தொல்லை குறையவில்லை! குடலில் இட்டது மூக்கை எட்டியது என்பது இதனால் தெரிகிறது. எட்டியும் தும்மல் நிற்கவில்லை என்பதும் தெரிகிறது.

ஆகவே, குடலின் நன்னுண்ணுயிர்கள் ஜலதோஷத்துக்கு எதிரே சிறிதளவு காவல் தரக்கூடும், சிறிதளவுதான். அந்தச் சிறிதைப் பெரிதாக்கிக் காட்டுவதில் வணிகருக்கு ஆதாயம் உண்டு. 2010-இல் அமெரிக்காவில், பெரிய பால்பண்ட நிறுவனம் ஒன்று, தன் பானம் சளியையும் காய்ச்சலையும் தடுக்கும் என்று விளம்பரம் செய்ததற்காக அரசின் வணிக ஆணையத்தின் முன் நிற்க நேர்ந்தது. அத்தகைய கூற்றுக்களை விடுவதாக ஒப்புக்கொண்டதோடு, மாநிலங்களுக்கு 2 கோடியே 10 இலட்சம் டாலரும் செலுத்தியது.

தொலைவில் நடந்ததைச் சொல்வானேன்? நாட்கூலி வேலை செய்யும் தந்தை ஒருவர், படிப்பில் கெட்டிக்காரனான தம் மகனுக்குப் பொதுத்தேர்வு நேரத்தில் சளி பிடிக்காதிருக்க வேண்டும் என்று, விலையுயர்ந்த சிறு புட்டிப் பானங்களை நாள்தோறும் வாங்கிக் கொடுத்து வந்ததை நான் அறிவேன். அதற்காக வீட்டில் பருப்பும் முட்டையும் குறைந்திருந்தன. பையனுக்குச் சளி பிடித்தது. "நான் வாங்கிக் கொடுத்தது போதவில்லையா சார்?" என்று அவர் என்னிடம் கேட்டார். குற்றம் தம்முடையது என்றே அவர் நினைத்திருந்தார். 'நான்கில் ஒரு பங்கு குறையலாம்' என்பதன் பொருளை யாராவது அவருக்கு முன்னரே சொல்லியிருந்தால், எஞ்சிய மூன்று பங்கு எங்கே போகும் என்று அவரே கணக்குப் போட்டிருப்பார்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மருந்துக் கடையில் தாமே பெயர் சொல்லி வாங்குவோரும் உளர். அம்மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்பவை. வைரஸைத் தொடவும் மாட்டா. மூக்கில் உள்ள பகைவனுக்கு ஒரு கீறலும் இல்லை. குடலில் உள்ள ஆசான்களுக்கோ பெருஞ்சேதம். ஒரு கையால் புரோபயாடிக் புட்டியும் மறு கையால் வேண்டாத ஆன்டிபயாடிக்கும் வாங்குபவர், ஆய்வாளரை அழைத்துவிட்டுப் பள்ளியை இடிப்பவர்க்கு ஒப்பாவார். மருத்துவர் பாக்டீரியா நோய் என்று கண்டு கொடுக்கும்போது உண்ண வேண்டியது வேறு.

வீட்டுத் தயிரின் நிலை என்ன என்று கேட்பீர்கள். காய்ச்சி ஆறிய பாலில் உறைமோர் விட்டு மூடி வைத்தால், பாக்டீரியாக்கள் பாற்சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிப் பாலை உறைய வைக்கின்றன. அவை உயிருள்ளவையே. எவ்வகை, எத்தனை என்பது வீட்டுக்கு வீடு, உறைமோருக்கு உறைமோர் மாறும். ஹெல்சிங்கிப் பாலில் இருந்த வகையே நம் சட்டியிலும் இருக்கிறது என்று சொல்ல இயலாது. ஆதலால் அதன் பலனை இதற்கு ஏற்றிச் சொல்வதும் தகாது. மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் அவை மடிந்துவிடும். சுவை மட்டும் நிற்கும். ஆனாலும் தயிர் மலிவான நல்லுணவு. மழைக்காலத்தில் அதனை விலக்கக் காரணமில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கும், தடுப்பாற்றல் மிகவும் குன்றிய நோயாளர்க்கும் புரோபயாடிக் மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கலாகாது. உயிருள்ள பாக்டீரியா அவர்களிடம் நோயாகவும் மாறக்கூடும். சளி பிடித்த மாணவர் தும்மும்போது வாயை மூடுவதும், மூக்கைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் வைரஸின் வழியிலேயே குறுக்கே நிற்கும் செயல்கள். என் விடுதியில் அறுபது பேருக்கு இரண்டே குழாய்கள். சோப்பு ஒரு துண்டு. மோரை நிறுத்திய நான் அதனைக் கவனிக்கவில்லை.

மார்கழி பிறந்து மழை விட்டது. சளியும் தணிந்தது. மோரை நிறுத்தியதால்தான் தணிந்தது என்று நான் அன்று நம்பினேன். மோரோடு அப்படியே விட்டிருந்தாலும் தணிந்திருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் மறு பாதிப் பிள்ளைகள் இல்லை. அறுபது பேரிடமும் ஒருங்கே நிறுத்திவிட்டேன் அன்றோ! மோர் மீண்டும் பந்திக்கு வந்த நாளில் நானும் விடுதியில் உண்டேன். எருமை வீட்டுப் பையன் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு முறை கை நீட்டி வாங்கிக் குடித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.